தூங்கும் மருந்தும் பூப்போட்ட தலையணையும்

மைத்துனருக்கு ஸ்கேன் எடுக்க தில்லி ஆஸ்பத்திரி ஒன்றில் காத்திருந்தபோதுதான் அவரைப் பார்த்தேன். தில்லியிலேயே துவாரகா பகுதியிலிருந்து வந்திருந்த தமிழர். மடிப்புக் கலையாத சட்டை, பெரிய மீசை, வயிற்றோடு அணைத்துக்கொண்ட ஒரு பூப்போட்ட தலையணை. வெளியே ஆட்டோ ஹாரன் அடிக்கும்போதெல்லாம் தலையணையை இன்னும் இறுக்கிக்கொள்வார்.

"சார், மெதுவாப் பேசுங்க," என்று, பேச்சுக் கொடுத்த என்னிடம் கிசுகிசுத்தார். "எனக்குக் கணையத்துல புத்துநோய்க் கட்டி. காலைல மருந்து ஏத்தியிருக்காங்க. அது கட்டிக்குள்ள போய்த் தூங்குமாம். வெளியிலேர்ந்து அல்ட்ராசவுண்ட் வெச்சு எழுப்பினா, கத்தியே படாம கட்டியை அழிச்சிடுமாம். புது வைத்தியம், இன்னும் சோதனையிலதான் இருக்கு."

நான் பள்ளியில் இயற்பியல் பாடம் நடத்துபவன். சும்மா இருக்க முடியுமா?

"அந்த ஒலி நம்ம காதுக்கே கேக்காதுங்க. ஹாரனுக்கெல்லாம் மருந்து முழிக்காது."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அச்சா! காதுக்கே கேக்காத சத்தத்துக்கு முழிச்சுக்கிற மருந்து, தில்லி ஹாரனுக்கு மட்டும் தூங்குமா?"

அதிர்வெண், குவியம் என்று ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்.

"எல்லாம் சரி சார். எனக்குன்னு மிச்சம் இருக்கிறது இந்த ஒரு வழிதான். அது ஒரு ஆட்டோக்காரனால வீணாப் போயிடக் கூடாதுல்ல?"

அந்த நேரம் பார்த்து நர்ஸ் கதவைத் திறந்து, "அங்கிள்ஜி! ஜல்தி, ஜல்தி!" என்று கூடமே அதிரக் கத்தினார்.

அவர் தலையணையை இறுக்குவதற்குள், "உஷ்ஷ்!" என்று எழுந்து நின்று நர்ஸை அடக்கியவன் நான்தான்.

எந்தச் சூத்திரத்தின்படி அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.