முதல் வருஷத்துத் தண்டு

ஜவஹர் அலி பிரான்சில் தபால் பிரிக்கும் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் மனைவி நஜீபாவோடு காரைக்கால் திரும்பி, கோவில்பத்தில் வீடு கட்டினார். அங்கே விட்டு வந்ததில் நஜீபா ஏங்கியது ஒன்றுக்குத்தான்: ருபார்ப். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா தோட்டத்தில் ஒடித்துத் தரும் சிவந்த தண்டு. புளிச்சக்கீரையைவிடப் புளிக்கும். நறுக்கிச் சர்க்கரை போட்டு வேகவைத்தால் குழைந்துவிடும். நஜீபா அதை ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்.

மகள் நௌஷின் அங்கிருந்து விதை அனுப்பினாள். ஐப்பசியில் பைகளில் ஊன்றி, அடைமழை படாமல் மாடிப்படிக்கு அடியில் வைத்துக் காப்பாற்றினார் ஜவஹர் அலி. மழை விட்டதும் கொல்லையில் மணலும் தொழுவுரமும் கலந்து, மேடாகப் பாத்தி போட்டு நட்டார். மார்கழிப் பனி செடிக்குப் பிடித்துப்போயிற்று. மாசியில் சேம்பிலை போல இலை விரிந்து, விரல் கனத்துக்குத் தண்டு சிவந்து நின்றது.

"என்னங்க, நாலே நாலு தண்டு ஒடிச்சுக்குறேன்."

"கூடாது. முதல் வருஷம் கை வச்சா வேர் பலப்படாதுன்னு அந்தம்மா சொன்னது மறந்துபோச்சா? அடுத்த வருஷம் கூடை கூடையா ஒடி."

நஜீபா உள்ளே போய்விட்டார்.

பங்குனி வெயிலில் இலை ஓரம் கருகியது. பச்சை வலை கட்டினார். வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றினார். சித்திரையில் ஒரு செடியைத் தொட்டதும் அடியோடு கையில் வந்தது. வேர் அழுகி நாறியது. மற்றவையும் ஒவ்வொன்றாகப் போயின. அந்தம்மா சொன்னது குளிர்நாட்டுக்கு. இந்த மண்ணில் இந்தச் செடிக்கு இரண்டாம் வருஷமே கிடையாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஆடியில் நஜீபா சிறுநீரகக் கல்லால் துடித்துப்போனார். சாப்பாட்டில் எதெல்லாம் ஆகாது என்று டாக்டர் சொல்லி முடித்ததும், ஜவஹர் அலி போனில் ருபார்ப் படத்தைக் காட்டிக் கேட்டார்.

"பசலைக்கீரையே வேணாங்கறேன். இதுலயும் கல்லு உண்டாக்குற ஆக்ஸலேட் நிறைய இருக்கு, தொடவே கூடாதுங்க."

மீதி விதையை அந்த ஐப்பசியிலும் ஊன்றினார். தின்ன முடியாவிட்டாலும் நஜீபா அந்த வாசனையையாவது பார்க்கட்டும் என்றிருந்தது அவருக்கு. மாசியில் எல்லாத் தண்டையும் ஒடித்தார். ருபார்ப் இலை விஷம் என்பதால் அவற்றை ஆடு மாடு தின்னாமல் குழியில் புதைத்தார். அவரே அடுப்பில் வைத்து வேகவைத்தார். நஜீபா சட்டியருகே வந்து மோந்து பார்த்தார்.

"அதே வாசனைதான். சாப்பிடுங்க."

ஜவஹர் அலி ஒரு வாய் எடுத்துவைக்கும்வரை நஜீபா எதிரே உட்கார்ந்திருந்தார்.

"எப்படி இருக்கு?"

"ஒண்ணும் சொல்லிக்கிற மாதிரி இல்ல."

"பொய் சொல்றீங்க."

ஜவஹர் அலி கரண்டியைக் கீழே வைத்தார். "அன்னிக்கே உன்னை ஒடிக்க விட்டிருக்கணும், நஜீபா."

"விடுங்க" என்றார் நஜீபா.

இன்னும் விதை அனுப்பட்டுமா என்று மகள் கேட்டபோது ஜவஹர் அலி வேண்டாமென்றுவிட்டார். அந்தப் பாத்தியில் இப்போது கொத்தவரை காய்க்கிறது.