கரையில் சூடாகாத இன்ஜின்

எங்கள் படகின் இன்ஜின் சூடாகிறது என்று சொன்னால் போதும், சூளூர்பேட்டையிலிருந்து ஏரிக்கரை வரைக்கும் எல்லோருமே மெக்கானிக் ஆகிவிடுவார்கள். ஆயிலை மாற்று என்பார் ஒருவர். டீசல் சரியில்லை என்பார் இன்னொருவர். டீக்கடைக்காரர், "தண்ணி ஊத்திப் பாத்தியாம்மா?" என்று கேட்டார். சுற்றிலும் ஏரி. நாளெல்லாம் தண்ணீரின் மேல்தான் பிழைப்பு. அன்றைக்கு அவர் கொடுத்த டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

நானும் என் வீட்டுக்காரரும் ஏரியின் நடுவில் இருக்கும் தீவுக் கிராமத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறோம். அவர் பின்னால் நின்று சுக்கானைப் பிடிப்பார். நடுவில், மரப்பெட்டிக்குள் இருக்கும் இன்ஜின் பக்கத்தில் நான். சூட்டைக் காட்டும் மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. அந்த வாரம் முழுக்க அந்த முள் என்னைப் பாடாய்ப் படுத்தியது. கரையில் கட்டிப்போட்டு எவ்வளவு நேரம் ஓட்டினாலும் அசையாது. ஏரி நடுவுக்குப் போனதும் சரசரவென்று ஏறும். இன்ஜினை நிறுத்திவிட்டு, அது ஆறும்வரை வெயிலில் மிதந்துகொண்டிருப்போம். படகில் இருப்பவர்கள் ஆளுக்கொன்று பேசுவார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருப்பேன்.

இதில் கல்யாணம் வேறு. தீவில் ஒரு பெண்ணுக்கு நாராயணவனம் கோயிலில் முகூர்த்தம். விடியற்காலையில் பெண்ணையும் வீட்டாரையும் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், அங்கிருந்து வேன். பெண்ணின் அம்மா என்னைத் தேடி வந்தாள்.

"ஒன் மேல நம்பிக்க கீதுக்கா. இன்ஜின் மேலதான் இல்ல. வேற படகுக்குச் சொல்லிடட்டுமா?"

நான் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், "அதெல்லாம் ஒண்ணும் வேணாம், நாங்க கூட்டிகினு வர்றோம்" என்று சொல்லிவிட்டார். வாக்குக் கொடுப்பது அவர், வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்வது நான். நடு ஏரியில் பட்டுப்புடவையோடு ஒரு மணப்பெண் மிதந்துகொண்டிருக்க, அங்கே முகூர்த்தம் தாண்டிப் போவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சூளூர்பேட்டையிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தோம். தெலுங்குக்காரர். எதைக் கேட்டாலும் "ஏம் காதம்மா" என்பார், ஒன்றும் ஆகாதாம். ஏரித் தண்ணீரை உறிஞ்சும் பம்ப்பைப் பிரித்து அதற்குள் சுற்றும் ரப்பர் இறக்கைகளை மாற்றினார். பெல்ட்டை இறுக்கினார். குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஊதினார். கடைசியாக, சூட்டுக்குத் தக்கபடி தண்ணீரைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி என் கையில் கொடுத்து, இது இல்லாமலே ஓடும் என்றார். இந்தப் பக்கத்து மெக்கானிக்குகளுக்கெல்லாம் தெர்மோஸ்டாட் மேல் என்ன பகையோ. மறுநாள் காலை கரையிலேயே ஓட்டிக் காட்டினார். இன்ஜினைக் குளிர்வித்த தண்ணீர் பக்கவாட்டுக் குழாயிலிருந்து கொட்டோ கொட்டென்று கொட்டியது. முள் அசையவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நடையில் அதே நடு ஏரி, அதே ஏற்றம். பக்கவாட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. போனில் கூப்பிட்டால், "பில்டர் க்ளீன் சேஸாரா?" என்று கேட்கிறார், பில்டரைக் கழுவினாயா என்று. தினமும் கழுவுகிறோம் என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

அது பொய்யில்லை. ஏரித் தண்ணீர் இன்ஜினுக்குள் போகும் வழியில், பாசியைத் தடுக்க ஒரு சிறிய சல்லடைக் கூடை உண்டு. அதைத்தான் பில்டர் என்போம். அதைக் கழுவும் வேலையை என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, எடுத்துக்கொண்டிருந்தார். நகரியில் நூலுக்குச் சாயம் போடுகிறவர். திருப்பதியில் கண் ஆபரேஷன் முடிந்து, சொட்டு மருந்து போட வீட்டில் ஆளில்லை என்று என்னோடு வந்து தங்கியிருந்தார். கை சும்மா இருந்தால் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடும். விடிந்ததும் படகுக்குப் போய்க் கூடையைக் கழுவி மாட்டிவிட்டு வந்து, "பளபளன்னு கீது" என்பார். சுத்தம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அதனால் யாரும் திறந்து பார்க்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், ஆத்திரம் தாங்காமல் இன்ஜின் பெட்டியைத் திறந்து, பம்ப்பிலிருந்து குழாயைத் தடவிக்கொண்டே பின்னோக்கிப் போனேன். பில்டர் மூடியைத் திருகினேன். கூடையைச் சுற்றி வேட்டித் துணி. இரண்டாக மடித்து நூலால் இறுகக் கட்டியிருந்தது. அதன் மேல் சேறும் பாசியும் அப்பிக் கிடந்தன. அந்தக் கட்டு எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் சாயத் தொட்டிக்குத் தண்ணீர் விடும் குழாயின் வாயில் பிறந்ததிலிருந்து பார்த்தது. துணி வழியாக வராத தண்ணீரை நைனா தொட்டிக்குள் விடவே மாட்டார், நூலில் திட்டு விழுந்துவிடும் என்று.

காலையில் துவைத்துக் கட்டிய துணி. அதனால்தான் கரையில் ஓட்டும்போதெல்லாம் தண்ணீர் தாராளமாக வந்தது. நடு ஏரியின் கலங்கல் ஏறியதும் துணி அடைத்துக்கொண்டது. இந்த ஒரு முழத் துணிக்காகத்தான் வாரம் பூராவும் பம்ப்பையும் பெல்ட்டையும் திட்டிக்கொண்டிருந்தேன்.

நைனா படகுத்துறையில்தான் இருந்தார். துணியைத் தூக்கிக் காட்டினேன்.

"இன்னா நைனா இது?"

"பாசி உள்ள போவாம கட்டினேம்மா. அந்தக் கூடையில ஓட்ட பெருசா கீது. டெய்லி தொவச்சிதான் கட்றேன்." சொல்லும்போது முகத்தில் பெருமை வேறு.

கத்தினேன். துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். "ஒன்ன யாரு கட்டச் சொன்னது? இது இன்னா சாயத் தொட்டியா? ஊரே எங்களப் பாத்து சிரிச்சிகினு கீது. இனிமே இன்ஜின் பக்கம் கைய வெக்காத."

அவர் துணியை வாங்கி ஏரியில் அலசி, பிழிந்து, மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகு, "கல்யாண வேன் நாராயணவனம்தான போவுது. அங்கேருந்து நகரி கிட்டதான். நானும் அதுலயே போயிடறேன்" என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எனக்குக் கோபம் அடங்கியிருக்கவில்லை. சரி என்றேன்.

மறுநாள் இருட்டு பிரியும்போது கிளம்பினோம். கரையில் தனியாக உட்கார்ந்து வேனுக்குக் காத்திருக்க வேண்டாமென்று என் வீட்டுக்காரர் நைனாவையும் ஏற்றிக்கொண்டார். பையை மடியில் வைத்துக்கொண்டு, இன்ஜினுக்கு முதுகைக் காட்டியபடி முன்பக்கம் போய் உட்கார்ந்தார். தீவுக்குப் போகும்வரை முள் அசையவில்லை. பெண்ணும் வீட்டாரும் ஏறினார்கள். பெண்ணின் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைப் பார்ப்பதும் மீட்டரைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

திரும்பும்போது காற்று எழுந்தது. நடு ஏரியில் பாசி பாய் விரித்ததுபோல் திரண்டு கிடந்தது. அதற்குள் புகுந்ததும் முள் மேலே நகர்ந்தது. நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினேன். இன்ஜின் நின்றது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

நான் ஸ்பானரைத் தேடுவதற்குள் நைனா வந்துவிட்டார். தண்ணீர் வரும் வால்வை மூடினார், மூடியைத் திருகினார், கூடையை எடுத்துக் கவிழ்த்துத் தட்டினார். ஒரு கொத்துப் பாசி ஏரியில் விழுந்தது. கூடையை மாட்டி, மூடி, வால்வைத் திறந்துவிட்டார். இன்ஜின் கிளம்பியதும் பக்கவாட்டுக் குழாயில் தண்ணீர் கொட்டியது. பெண்ணின் அம்மா தாலிக்கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவாக இறங்கியது.

நைனா என் பக்கம் குனிந்தார். நான் ஒன்றுமே கேட்கவில்லை.

"துணி கட்டலம்மா" என்றார். "வெறும் கூடைதான் இருந்துது."

அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு முன்பக்கம் திரும்பிப் போனார். "கல்யாணம் பாத்துட்டு இதே வேன்ல திரும்பி வந்துடு நைனா, மருந்து இன்னும் பாக்கி கீது" என்றேன். அதையும் கத்தித்தான் சொன்னேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, மெதுவாகச் சொன்னால் அவருக்குக் கேட்டிருக்காது.