ஆடிக்கு முன் காய்ச்சிய பால்

அந்தச் சாவியை ஏஜெண்ட் அண்ணன் வெறுங்கையால் நீட்டவில்லை. தன் காருக்குள்ளிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் தட்டை எடுத்தார். இரண்டு வெற்றிலை, ஒரு கொட்டைப்பாக்கு, ஒரு வாழைப்பழம், நடுவில் சாவி. "பிடிங்கம்மா, இனிமே நீங்கதான் இந்த வீட்டுக்காரம்மா" என்று அம்மாவிடம் கொடுத்தார். அம்மா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கிழக்கே திரும்பி நின்று, முந்தானையை இரண்டு கையாலும் விரித்து வாங்கிக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. வீடு விற்கிறவன் காரில் வெற்றிலைத் தட்டு எதற்கு என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

அம்மா பிறந்தது, வாக்கப்பட்டது, அப்பாவைப் பறிகொடுத்தது எல்லாமே தாப்பாவுக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டப் போன கைகள் அவருடையவை. ரப்பரைச் சாய்த்துச் செம்பனை போட்டார்கள். பிறகு செம்பனையையும் சாய்த்துவிட்டு வீடுகள் கட்டப் போகிறோம், லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்யுங்கள் என்றார்கள். அந்த லயத்து வீட்டில் அவர் ஒரு கோழிக்கூண்டு போடுவதென்றாலும் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொல்ல வேண்டும், மண்டோர் ஆபீஸ் கிராணியிடம் சொல்ல வேண்டும், கிராணி மனசு வைக்க வேண்டும். கூரைத் தகரம் ஒழுகுகிறது என்று சொல்லிவிட்டு வந்தால் மழைக்காலமே முடிந்து போகும். அம்மா பெரிதாக எதற்கும் ஆசைப்பட்டதில்லை. "எந்திரிச்சுப் போன்னு எவனும் சொல்ல முடியாத ஒரு வீட்டுல கொஞ்ச நாளாவது இருந்துட்டுக் கண்ண மூடணும்" என்று மட்டும் சொல்வார். நான் ஒரே மகள். ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில் முன்மேசை வேலை. அந்த ஆசையை நான் நிறைவேற்றாமல் வேறு யார் நிறைவேற்றுவார்கள்?

ஏஜெண்ட் அண்ணனை எங்களுக்குச் சொல்லிவிட்டது கோயிலில் பழக்கமான ஓர் அக்கா. ஏஜெண்ட் அண்ணனும் தோட்டத்துப் பிள்ளைதான். அவர் அப்பா பக்கத்துத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர் என்று தெரிந்ததும் அம்மாவுக்குப் பாதி வீடு வாங்கிய மாதிரி ஆகிவிட்டது. லயத்துக்கே தேடி வந்தார். தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, நெத்திலிச் சம்பலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "சீன ஏஜெண்ட்டுகிட்ட போனா நமக்கு என்ன வேணும்னு அவங்களுக்கு எங்க தெரியும் லா? சாமி ரூம் எங்க வரும், அடுப்பு எந்தப் பக்கம் வைக்கணும், அதெல்லாம் நம்ம ஆளுக்குத்தான் தெரியும்" என்றார். உண்மையிலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. அதில் எல்லாம் நான் குறை சொல்ல மாட்டேன்.

அவர் காட்டிய மூன்றாவதோ நான்காவதோ வீடுதான் அது. கோப்பெங் போகிற பக்கம், தாமான் என்கிற ஒரு பழைய குடியிருப்பில் ஒட்டிக் கட்டிய நடு வரிசைத் தெரஸ் வீடு. உரிமையாளர் ஒரு சீனப் பெரியவர், மகனோடு இருக்கப் போய்விட்டார். வீடு பூட்டியே கிடந்தது. சமையல்கட்டை நீட்டிக் கட்டியிருந்தார்கள். அதன் பின்கதவைத் திறந்தால் ஒரு துண்டு மண், அதற்கப்பால் சுண்ணாம்புக்கல் மலை. அம்மா மலையைப் பார்க்கவில்லை. அந்தத் துண்டு மண்ணைக் காலால் கிளறிப் பார்த்துவிட்டு, "முருங்க வரும்" என்றார். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. முன்பணம் கட்டினோம். வங்கியில் கடனுக்கு எழுதிப் போட்டோம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வங்கி சரி சொல்ல வேண்டும். வங்கியோ அசைகிற வழியைக் காணோம்.

இதற்கிடையில் ஆடி நெருங்கிவிட்டது. ஆடியில் நம்மவர்கள் புதுவீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். "அடுத்த வாரம் ஆடி பொறக்குதேம்மா" என்று ஏஜெண்ட் அண்ணன்தான் பேச்சோடு பேச்சாக எடுத்துவிட்டார். அம்மா முகம் வாடிப்போனது. "பால மட்டும் முந்தியே காய்ச்சிரலாமா தம்பி?" என்று கேட்டார். அவர் தலையைச் சொறிந்தார், வெளியே பார்த்தார், பெரிய யோசனையெல்லாம் பண்ணினார். பிறகு, "உங்களுக்காகச் செய்யறேம்மா. ஓனர்கிட்ட நான் பேசிக்கிறேன். சாவி என்கிட்டதான இருக்கு" என்றார். இன்னும் கையெழுத்தாகாத வீடு, கடன் கிடைக்காத வீடு, ஊரான் வீடு. அதில் போய் அடுப்பு மூட்டலாமா என்று நான் கேட்டிருக்கலாம். அம்மா புதுப்பானைக்கு மஞ்சள் கட்டிக்கொண்டிருந்த முகத்தைப் பார்த்துவிட்டு எவளால் கேட்க முடியும்?

அப்படித்தான் அந்தத் தட்டும் சாவியும் வந்தன. சின்னக் கேஸ் அடுப்பை நாங்களே கொண்டுபோனோம். நிலைவாசலில் பொட்டு வைக்கப் போன அம்மா சந்தோஷமாகக் கூப்பிட்டார், "இங்க பாரு, ஏற்கெனவே மஞ்சக் குங்குமம் இருக்கு." சீனர் வீட்டு வாசலில் குங்குமம் எப்படி வந்தது என்று நான் விழித்தேன். ஏஜெண்ட் அண்ணன் கண்ணிமைக்காமல், "முந்தி நம்ம ஆளுங்க வாடகைக்கு இருந்தாங்க" என்றார். அம்மாவுக்கு அது நல்ல சகுனமாகப் போய்விட்டது. பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். முதல் டம்ளரை ஏஜெண்ட் அண்ணனுக்குத்தான் கொடுத்தார். அவரும் நின்றபடியே ஊதி ஊதிக் குடித்தார்.

அதன் பிறகு அம்மாவை அசைக்க முடியவில்லை. என் கிளினிக்கில் ஒருவர் இதைவிட நல்ல வீடு ஒன்று வருகிறது, வந்து பாருங்கள் என்றார். அம்மா என்னைத் திட்டாத குறைதான். "பால் காய்ச்சின வீடு இருக்கறப்ப இன்னொரு வீட்டு வாசல்ல போய் எட்டிப் பாப்பியா?" என்றார். லயத்தில் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தார். ஆடி பாதி கழிந்திருக்கும். ஒரு மத்தியான வேளையில் ஏஜெண்ட் அண்ணனிடமிருந்து போனில் செய்தி வந்தது. ரொக்கமாக வாங்க ஆள் கிடைத்ததால் உரிமையாளர் வேறு பக்கம் கொடுத்துவிட்டாராம், முன்பணம் முழுசாகத் திரும்பி வந்துவிடுமாம், கவலைப்பட வேண்டாமாம். கடைசியில் கும்பிடுகிற கை ஒன்றையும் அனுப்பியிருந்தார்.

ஈப்போவில் அவர் வழக்கமாக உட்காரும் கோப்பிக்கடைக்கே போய்ப் பிடித்தேன். சண்டை போடத்தான் போனேன். அவர் எனக்கும் ஒரு கோப்பி சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டார். "பணம் வந்துருச்சுல்ல தங்கச்சி, அப்பறம் என்ன?" என்றார். அம்மா அங்கே பால் காய்ச்சியிருக்கிறாரே அண்ணே என்றேன். "நானா காய்ச்சச் சொன்னேன்? அம்மாதான கேட்டாங்க? கோப்பெங் டீச்சர் குடும்பமும் அப்படித்தான், ஆடிக்கு முந்தி காய்ச்சியே ஆகணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. அவங்களும் உங்களுக்கு முந்தின வாரம் அதே வீட்டுல காய்ச்சினவங்கதான். அவங்களுக்கும் கெடைக்கல. சும்மாதான இருக்காங்க?" நிலைவாசல் குங்குமம் யாருடையது என்று அப்போது விளங்கியது. பால் காய்ச்சிவிட்டால் நம் சனம் வேறு ஏஜெண்ட்டைத் தேடிப் போகாது, விலையைக் குறைத்துக் கேட்காது, வங்கி எத்தனை நாள் இழுத்தாலும் காத்துக்கிடக்கும். நம்ம ஆளுக்குத்தான் இதெல்லாம் தெரியும். நான் கோப்பியைத் தொடாமல் எழுந்து வந்தேன். அவரைக் கன்னத்தில் அறைந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. ஆனால் அவர் சொன்னதில் பொய் என்று ஒரு சொல்லைக்கூட என்னால் பிடிக்க முடியவில்லை, வாடகைக்கு இருந்தார்கள் என்ற அந்த ஒன்றைத் தவிர.

அடுத்த வீட்டை ஒரு சீனப் பெண் ஏஜெண்ட் மூலம் வாங்கினேன். சிரிக்க மாட்டார், சாப்பிடக் கூப்பிட்டால் வர மாட்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் சாவியைக் கொடுத்தார், அதுவும் ஒரு கடித உறையில் போட்டு. நல்ல வீடுதான். பின்னால் மண்கூட இருக்கிறது. ஆனால் அம்மா பால் காய்ச்ச வரவில்லை. "நீ காய்ச்சு. நான் ஒரு தடவ காய்ச்சிட்டேன்" என்றார். எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தோம், ஐயர்கூடச் சொன்னார். அசையவில்லை. நானேதான் காய்ச்சினேன், எந்தப் பக்கம் பொங்கியது என்றுகூடக் கவனிக்கவில்லை. வருகிறவர்கள் வீட்டைப் பாராட்டினால், "மக வாங்கியிருக்கா" என்பார். பின்னால் ஒரு செடி நடுவதற்கு முன் என் முகத்தைப் பார்ப்பார். அம்மா, இது உன் வீடு, நட்டுக்கோ என்று கத்தியிருக்கிறேன். கத்தினால் மட்டும் ஆகிவிடுமா?

போன மாதம் ஈப்போவில் ஒரு கல்யாண விருந்து. மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஏஜெண்ட் அண்ணனைப் பார்த்துவிட்டேன். தலை நரைத்திருந்தது, உடம்பு பருத்திருந்தது, மேசை மேசையாகப் போய்ப் பெயர் அட்டை கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மாவைத் திருப்பிக் கூட்டிப் போவதற்குள் அம்மா என் கையை விட்டுவிட்டு நேராக ஏஜெண்ட் அண்ணனிடம் போய் நின்றுவிட்டார். பின்னாலேயே ஓடினேன். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், "தம்பி, நல்லா இருக்கீங்களா? நம்ம வீட்டுல இருக்கறவங்க பின்னால முருங்க வச்சாங்களா, தெரியுமா?"

அவர் வாய் நிறையச் சிரித்தார். "எந்த வீடும்மா?" என்றார்.

அம்மா பொறுமையாகச் சொன்னார். தாமான் பேரைச் சொன்னார், நடு வரிசை என்றார், நீட்டிக் கட்டிய சமையல்கட்டைச் சொன்னார், பால் பொங்கிய பக்கத்தைச் சொன்னார். அவர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியபடியே அடுத்த மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவின் கையில் ஓர் அட்டையை வைத்துவிட்டு, "வீடு வாங்கணும்னா போன் பண்ணுங்கம்மா, நம்ம ஆளுங்களுக்கு நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். என்னை அவருக்கு அடையாளமே தெரியவில்லை.

எங்கள் மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தோம். அம்மா இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டே என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார், "அவருக்கு ஞாபகம் இல்லையாம். பாவம், எத்தன பேரு வீட்டத்தான் அவரும் ஞாபகம் வச்சுக்குவாரு."