பெருங்காலனுக்குப் பிடிக்காத ஆள்

என் அண்ணி டார்லாவைப் பற்றி ஊரில் இரண்டு கட்சி உண்டு. அவளுக்கு மூளை குழம்பிவிட்டது என்கிறது ஒரு கட்சி. தானாகக் குழம்பவில்லை, குழப்பிவிட்டார்கள் என்கிறது இன்னொன்று. நான் இரண்டாவதில் இருந்து முதலாவதுக்குத் தாவினேன். இப்போது இரண்டிலும் இல்லை. எங்கள் மாஸ் கிரீக் ஊரில் மழை இல்லாத நாள்கூட உண்டு, வம்பு இல்லாத நாள் கிடையாது. அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுவது நல்லது.

அண்ணிக்கு வளைகுடா ஓரத்துச் சிப்பிக் கொட்டகையில் வேலை. ரப்பர் ஏப்ரனும் முழங்கால் பூட்ஸுமாக நின்றுகொண்டு, குட்டைக் கத்தியால் சிப்பியைப் பிளந்து சதையை வாளியில் தள்ள வேண்டும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதுதான் பிழைப்பு. வலது மணிக்கட்டு வீங்கும், தணியும், மறுபடி வீங்கும். அதிகம் பேசமாட்டாள். பேசினால் பூசி மெழுகத் தெரியாது. எங்கள் அம்மா சுட்ட ஏலக்காய் ரொட்டி வறட்டி மாதிரி இருக்கிறது என்று, வந்த முதல் மாதமே அம்மாவின் முகத்துக்கு நேராகச் சொன்னவள். அம்மா சாகும்வரை அதை மன்னிக்கவில்லை.

அண்ணி பெருங்காலனைப் பார்த்தது கல்யாணமான அந்த வருஷக் கடைசியில்தான். வெளியூர்க்காரர்கள் பிக்ஃபுட் என்று சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்வார்களே, உடம்பெல்லாம் மயிர் மூடிய அந்தக் காட்டு ராட்சசன்தான். அவளும் அண்ணன் ஆர்வோவும் மலையில் காளான் பறித்துவிட்டு, மரலாரி போகிற மண் பாதையில் வந்துகொண்டிருந்தார்கள். தூறல். இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணனின் சிகரெட் கையிலிருந்து நழுவி சீட்டுக்கடியில் விழுந்தது. தீப்பிடித்துவிடுமே என்று வண்டியை நிறுத்திவிட்டுக் குனிந்து துழாவினான். அந்த நேரத்தில் இடப்பக்கத்து ஆல்டர் மரங்களுக்குள்ளிருந்து அது வந்தது. விளக்கு வெளிச்சத்தில் பாதையைக் கடந்தது. நடுவில் நின்று, கழுத்தை மட்டும் திருப்பாமல் தோளோடு சேர்த்துத் திரும்பி, அவளைப் பார்த்தது. அண்ணிக்குக் குரல் எழும்பவில்லை. அண்ணன் சிகரெட்டோடு நிமிர்ந்தபோது எதிரே புதர்தான் ஆடிக்கொண்டிருந்தது.

அன்று அண்ணன் அவளைக் கேலி செய்யவில்லை. கரடியாக இருக்கும் என்றும் சொல்லவில்லை. நல்ல கணவன் சொல்ல வேண்டியதைத்தான் சொன்னான்: "நீ பார்த்தேன்னு நான் நம்பறேன்." அண்ணி அதைப் பல நாள் யோசித்துவிட்டு, ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் திருப்பிக் கொடுத்தாள். "நான் பார்த்ததை நம்பறே. அது அங்க நின்னுச்சுன்னு நம்பலை. ரெண்டும் ஒண்ணு இல்லை." அண்ணன் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே இருந்தான். முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த வாக்கியம் அவர்கள் வீட்டில் மூன்றாவது ஆளாகக் குடியிருந்தது.

அவளுடைய ஆசை ஒன்றே ஒன்று. இன்னொரு முறை அதைப் பார்க்க வேண்டும், அப்போது பக்கத்தில் ஒருத்தர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். புகைப்படம், டிவி, பேர், எதுவும் வேண்டாம். பக்கத்தில் ஒரு ஜோடிக் கண். அவ்வளவுதான்.

இந்த ஆசையைக் கண்டுபிடித்துக் கையில் எடுத்துக்கொண்டவன் கர்ட் பெல்நாப். நகரத்தில் ஏதோ ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்று, எங்கள் ஓடைக்கரையில் மரவீடு வாங்கிக்கொண்டு வந்தவன். பற்கள் அத்தனையும் வரிசையாக இருக்கும் மனிதர்களை நான் பொதுவாக நம்புவதில்லை. அவன் வருவதற்கு முன்பும் ஊரில் பெருங்காலன் சங்கம் இருந்தது. தீயணைப்பு நிலையக் கூடத்தில் வியாழக்கிழமை கூடுவார்கள். ஆளுக்கொரு பாத்திரத்தில் சாப்பாடு கொண்டு வருவார்கள், சேற்றில் பதிந்த தடத்தில் ஊற்றி எடுத்த சுண்ணாம்புப் பாதங்களைக் காட்டுவார்கள், அது ஒரு குரங்கு இனம், என்றாவது அகப்படும் என்று பேசிவிட்டுக் கலைவார்கள். யாருக்கும் தொந்தரவு இல்லை.

பெல்நாப் வந்து, குரங்காவது மண்ணாங்கட்டியாவது என்றான். இத்தனை காலமாக ஒரு எலும்பாவது கிடைத்ததா என்று கேட்டான். கிடைக்காது, ஏனென்றால் அது இந்த உலகத்தைச் சேர்ந்ததே இல்லை. நம் உலகத்துக்கும் வேறோர் உலகத்துக்கும் நடுவே கிழிசல்கள் இருக்கின்றன. அது அந்தக் கிழிசல் வழியாக வந்து போகிறது. இரண்டு மரக்கிளைகள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்திருக்கின்றனவா? அது காற்று தள்ளியது இல்லை, வாசல். மலைமேல் ஆரஞ்சு வெளிச்சம் தெரிகிறதா? அதில்தான் இறங்குகிறது. வேண்டும்போது வெளிச்சத்தை வளைத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும். எங்கள் பக்கத்து எரிமலை வெடித்த வருஷம் கருகிக் கிடந்த பெருங்காலன் உடல்களை ஹெலிகாப்டரில் அள்ளிப் போனார்களாம், அரசாங்கத்துக்கு எல்லாம் தெரியுமாம். அள்ளிப் போக உடல் இருந்தால் எலும்பும் இருந்திருக்குமே என்று நான் கேட்டேன். அவன் என்னை நோயாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். சுண்ணாம்புப் பாதக்காரர்கள் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். மிச்சம் இருந்தவர்கள் பெல்நாப்புக்குப் பின்னால் காட்டுக்குள் போனார்கள், அண்ணியும் அவர்களில் ஒருத்தி.

சனிக்கிழமைதோறும் போவார்கள், அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். துப்பாக்கி, போன், கேமரா எல்லாவற்றையும் வண்டியிலேயே தகரப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். காட்டு விளிம்பில் நின்று, "உனக்கு எதிரா எங்கிட்ட ஒண்ணும் இல்லை" என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உள்ளே ஒரு பழைய தேவதாருவின் அடிக்கட்டை. அதன்மேல் ஆப்பிளும், மூடி திறந்த வேர்க்கடலை வெண்ணெய் பாட்டிலும் படையல். அப்புறம் பேசாமல் உட்கார்ந்திருப்பது. ஆப்பிள் காணாமல் போகும், பாட்டில் நக்கித் துடைத்திருக்கும். எங்கள் காட்டுக் கரடிகள் அந்த வருஷம் நன்றாகச் சதை போட்டிருந்தன.

ஆனால் பெருங்காலன் மட்டும் வரவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பெல்நாப்பும் ஒரு கோணலைக் கண்டுபிடித்தான். அது மனசைப் படிக்கும் என்றான். கூட்டத்தில் ஒருவர் சந்தேகத்தோடு உட்கார்ந்திருந்தாலும் போதும், வாசல் சாத்திக்கொள்ளும். "நம்மள்ல யாரோ ஒருத்தர் மனசைச் சாத்தி வெச்சிருக்கீங்க."

அன்றிலிருந்து யாரும் மரத்தைப் பார்க்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தபால்காரர் மனைவி அடிக்கடி கொட்டாவி விடுகிறாள் என்று நிறுத்தப்பட்டாள். ஒருவர் வெண்ணெய் பாட்டிலில் மலிவானதை வாங்கி வந்தார், அது அரைமனசு என்று அவரும் போனார். ஒவ்வொரு ஆள் போனதும் அடுத்த சனிக்கிழமை நிச்சயம் வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை என்றால் இன்னொரு ஆள் போக வேண்டும். கடைசியில் அண்ணி பெல்நாப்பின் மழைக்கோட்டு ஒரு பக்கம் கனமாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டாள். உள்ளே கைத்துப்பாக்கி. மலைச் சிங்கத்துக்காக வைத்திருக்கிறேன் என்றான். "எதிரா ஒண்ணும் இல்லைன்னு வாயால சொல்லிட்டு, இடுப்புல எதுக்கு?" என்று அண்ணி கேட்டாள். தன் சட்டத்தில் தானே மாட்டிக்கொண்டு அவனும் போனான். அடுத்த கோடையில் வீட்டையும் விற்றுவிட்டான். எனக்கு அன்று பெரிய சந்தோஷம், பீர் வாங்கிக் குடித்தேன். அவன் போனாலும் அவன் சொன்ன சட்டம் போகவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அதன்பிறகு அண்ணி மட்டும்தான் மிச்சம், அவளுக்குத் துணையாக அண்ணன் போகத் தொடங்கினான். மரம் வெட்டி வெட்டி அண்ணனுக்கு முதுகு போய்விட்டிருந்தது. ஆனாலும் ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் அவளோடு போய் ஈரத்தில் உட்கார்ந்தான். நம்பிக்கையால் இல்லை. அவள் தனியாக உட்காரக் கூடாதே என்றுதான். அது மனசைப் படிக்கிற பிராணியாக இருந்தால் அதைத்தான் முதலில் படித்திருக்க வேண்டும்.

ஒரு நாள் நான் அவர்கள் வீட்டுக்கு மான்கறி கொடுக்கப் போனபோது சமையலறையில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சண்டை இல்லை. சண்டையாக இருந்தால் தேவலை.

"அன்னிக்கும் நீ குனிஞ்சிருந்தே. இன்னிக்கும் குனிஞ்சேதான் உக்காந்திருக்கே" என்றாள் அண்ணி.

"முதுகு வலிக்குது டார்லா. நிமிர முடியலை."

"அதுக்கு உன் முதுகு தெரியாது. மனசுதான் தெரியும்."

"என் மனசுல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சிருக்கு. அதான் வரலை."

அண்ணன் ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு என்னோடு வந்துவிட்டான். அவள் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. என் வீட்டுப் பின்கட்டில் படுக்கை போட்டுக் கொடுத்தேன்.

அந்த வாரம் நானும் அவனும் சவுனா என்கிற நீராவிக் குளியல் அறையில் உட்கார்ந்திருந்தோம். சூடான கல்லில் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஆவிக்குள் முகம் தெரியாமல் அவன் சொன்னான்: "நானும் பார்த்தேன்னு அன்னிக்கே ஒரு பொய் சொல்லியிருக்கணும்டா ரெய்னோ."

"சொல்லியிருந்தா என்ன?"

"கண்டுபிடிச்சிருப்பா. அப்புறம் எதையுமே நம்பியிருக்க மாட்டா."

எனக்கு அவன்மேலும் ஆத்திரம் வந்தது, அவள்மேலும் வந்தது. ஆனாலும் அண்ணி கூப்பிட்டபோது போனேன். அவளுக்கு மிச்சம் இருந்த ஒரே ஆள் நான்தான். சட்டப்படி போனைப் பெட்டியில் போட்டேன், சொல்ல வேண்டியதைச் சொன்னேன், அடிக்கட்டைக்கு முன்னால் உட்கார்ந்தேன். மனசைத் திறந்து வைக்க உண்மையாகவே முயற்சி செய்தேன். அந்த நேரம் பார்த்து ஓர் அணில் வந்து வெண்ணெய் பாட்டிலுக்குள் தலையை விட்டு, எடுக்க முடியாமல் பாட்டிலோடு நடந்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"உள்ளுக்குள்ள சிரிக்கிறே" என்றாள் அண்ணி, திரும்பாமலே.

"சிரிக்கலை அண்ணி."

"சிரிச்சா பரவாயில்லை. சிரிக்கலைங்கறியே, அதுதான் வாசலைச் சாத்துது."

அதோடு நானும் கழிந்தேன். அதன்பிறகு அவள் தனியாகவே போனாள். மான் வேட்டைக் காலம், பழுப்புக் கோட்டில் போகாதீர்கள், எவனாவது சுட்டுவிடுவான் என்று ஆரஞ்சு மேலங்கி கொடுத்தேன், வாங்கவில்லை. ஒரு சனிக்கிழமை அவள் வண்டிக்குப் பின்னால் தூரத்தில் போய்ப் பாதை ஓரம் காத்திருந்தேன். பெல்நாப் எவனுக்காவது குரங்குத் தோல் மாட்டி அனுப்பியிருப்பானோ என்று சந்தேகம். ஊர்ப் பையன்கள்மேல் சந்தேகம். அண்ணி அங்கே உண்மையில் என்னதான் செய்கிறாள் என்றுகூடச் சந்தேகம். ஈரம் சொட்டச் சொட்ட அவள் திரும்பி வந்து வண்டியில் ஏறியதைத்தான் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை.

பனி விழுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு திங்கட்கிழமை முற்பகல், என் டயர் கடைக்கு அண்ணி நடந்து வந்தாள். அண்ணன் பழைய டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் பாதியில் நின்றான்.

"வந்துச்சு" என்றாள் அண்ணி. "சனிக்கிழமை."

நான் முகத்தை எவ்வளவோ கட்டிப் பிடித்தேன். பிடிபடவில்லை போலிருக்கிறது. "உன் மூஞ்சியைப் பாக்க நான் வரலை ரெய்னோ" என்று சொல்லிவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

அண்ணன் நிதானமாகக் கேட்டான். "அன்னிக்கு ரோட்டைத் தாண்டுச்சே, அதேதானா?"

முப்பது வருஷத்தில் அவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்டுவிட்டான் என்று எனக்கு மார்பு விம்மியது. அண்ணிக்கு அப்படி இல்லை. அவள் கண்ணைச் சுருக்கி அவனையே பார்த்தாள்.

"நம்பிக் கேக்கறியா? வீட்டுக்கு வரணும்னு கேக்கறியா?"

நம்பி என்று சொல்லித் தொலையடா என்று நான் மனசுக்குள் கத்தினேன். ஒரு வார்த்தை, காசா பணமா?

அண்ணன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான். "வீட்டுக்கு வரத்தான் கேட்டேன். நம்பறேனான்னு எனக்கே தெரியலை டார்லா."

அண்ணி தலையாட்டினாள். பிறகு பேசியபோது அவள் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது.

"அதேதானான்னு தெரியாது. நான் சரியாப் பாக்கலை. பெரிய மரத்துக்கு அந்தப் பக்கம் நின்னுச்சு. கண்ணுல பட்ட உடனே, ஆர்வோ பாரு, பாருன்னு உன்னைத் தட்டினேன். கையில ஈரப் பாசிதான் பட்டுச்சு. நீ இல்லைன்னு ஞாபகம் வந்து நான் திரும்பறதுக்குள்ள போயிடுச்சு."

மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது கரடியா, நிழலா, கிழிசல் வழியாக வந்த எதுவோ, எனக்குத் தெரியாது. இன்றுவரை நான் அதைச் சந்தேகிக்கிறேன். அவள் பக்கத்தில் கைநீட்டித் தட்டினாள் என்பதை மட்டும் ஒரு நொடிகூடச் சந்தேகப்பட்டதில்லை. அண்ணன் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தான், கோட்டை எடுத்து மாட்டினான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.