மடிப்புக் கலையாத பாட்டு

போன மாதம் எங்கள் வீட்டு ஹோலில் ஒரு கலியாணப் பேச்சு கிட்டத்தட்ட உடைந்தே போனது. சீதனத்தால் இல்லை. சாதகத்தால் இல்லை. ஒரு பாட்டுக் கசற்றால்.

நம்பக் கஷ்டமாக இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. ரோல்ஸ் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றவள் நான்.

இந்தப் பத்தியை வாசிக்கிற உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது? சம்பந்தப்பட்ட இருவரும் எழுத அனுமதி தந்துவிட்டார்கள். பெயர்களை மாற்றியிருக்கிறேன். பெண் மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள் — தான் தோற்றுப்போனதாக எழுதக்கூடாது. எழுத மாட்டேன். அவள் தோற்கவுமில்லை.

முதலில் பையன். குகன். ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்குக் கீழே, பேஸ்மன்றில் வாடகைக்கு இருக்கிறான். ஒஃபிஸ் ஒஃபிஸாகப் போய் ஃபோட்டோகொப்பி மெஷின் திருத்துகிற வேலை. காலையில் போகும்போது எப்படியோ, பின்னேரம் வரும்போதும் அப்படியே இருப்பான். அயர்ன் பண்ணிய சேட். படிய வாரிய தலை. 'ஓமக்கா.' 'இல்லையக்கா.' அவ்வளவுதான் பேச்சு.

ஏற்கெனவே இரண்டு இடத்தில் பேசிப் பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் ஒரே பதில். பெடியன் நல்ல பெடியன், ஆனால்... அந்த 'ஆனால்' என்பதற்குப் பிறகு ஒன்றும் வராது. என்ன குறை என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது. உப்புக் குறைந்த கறியைச் சாப்பிட்டவர்கள் மாதிரி உதட்டைப் பிதுக்குவார்கள்.

குகனுக்கு ஒரேயொரு பைத்தியம் உண்டு. எழுபதுகளில் வந்த அமெரிக்கப் பாட்டுகள். ஜாஸ் ரொக் என்பான். ஜாஸ்காரரின் நுணுக்கமும் ரொக்குக்காரரின் தாளமும் சேர்ந்தது. ஸ்ரூடியோவில் நாட்கணக்காக உட்கார்ந்து, பிசிறு தட்டாமல் மினுக்கி மினுக்கிச் செய்தவையாம். எனக்குத் தெரிந்தது வேறு. என் குசினித் தரைக்குக் கீழேயிருந்து வருகிற மெல்லிய ஒரு 'தும் தும்'. அதைக் கேட்டபடிதான் நான் வெங்காயம் வெட்டுவேன். வெட்டி முடிந்ததும் என்ன கேட்டேன் என்று கேட்டால், தெரியாது.

இனிப் பெண். வதனி. எங்களோடு பழகுகிற பூமணி அன்ரியின் மகள். பாங்கில் வேலை. சின்ன வயதிலேயே தாயோடு இங்கே வந்தவள். தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பாள். கோபம் வந்தால் மறுபடி தமிழுக்கு வருவாள். அவளுக்குப் பிடித்தது தொண்டை கிழியக் கத்துகிற பாட்டு. கிற்றார் அலற வேண்டும், பாடுகிறவன் அழ வேண்டும். அவளுடைய கார் எங்கள் தெருவில் திரும்பும்போதே யன்னல் கண்ணாடி அதிரும்.

இந்த இரண்டு பேருக்கும் என்ன பொருத்தம் கண்டாய் என்று இவர் கேட்டார். இவர் என்றால் என் கணவர். பொருத்தமா? பெண் பார்க்க வருகிறவர்களைப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது. பார்த்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்து அவனுக்கு அலுத்துவிட்டது. அதுவும் ஒரு பொருத்தம்தானே?

வதனி வருவதற்குச் சம்மதித்தாள். ஆனால் சேலை உடுக்க மாட்டாள், தட்டு ஏந்த மாட்டாள், சும்மா தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டால் வருவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வந்தார்கள். வதனியும் தாய் பூமணி அன்ரியும் ஒரு சோபாவில். ஒஷாவாவிலிருந்து வந்திருந்த குகனின் அக்கா சாந்தி எதிர்ச் சோபாவில். குகன் ஓரக் கதிரையில், மடிப்புக் கலையாத நீலச் சேட்டோடு. இப்படியான நேரத்தில் ஹோலில் ஒரு அமைதி வந்து உட்காருமே, உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோப்பை வைக்கிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கும். அதற்காக நான்தான் குகனிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன், பேச்சுக்கு இடைஞ்சல் இல்லாமல் மெல்லிசாக ஏதாவது போட்டுவிடு என்று.

போட்டுவிட்டிருந்தான்.

பூமணி அன்ரி குளிரைப் பற்றிப் பேசினா. சாந்தி ஒஷாவாக் குளிரைப் பற்றிப் பேசினாள். திடீரென்று வதனி தலையைச் சரித்துக் காது கொடுத்தாள்.

"இது என்ன, டென்ரிஸ்ற்றிட்டப் போனா வெயிற்றிங் ரூமில போடுற மியூசிக் மாதிரிக் கிடக்கு. ஆர் போட்டது?"

"நான்" என்றான் குகன்.

நான் ரோல்ஸ் தட்டை அவசரமாக நீட்டினேன். யாரும் எடுக்கவில்லை.

வதனி மன்னிப்புக் கேட்டாள். பிறகு, மன்னிப்புக் கேட்ட சூட்டோடேயே தொடர்ந்தாள். இதெல்லாம் லிஃப்ற்றில் கேட்கிற பாட்டு, கடையில் சாமான் வாங்கும்போது கேட்கிற பாட்டு, ரெலிஃபோனில் 'ஹோல்ட்' போட்டால் கேட்கிற பாட்டு. ஒரு இடத்திலும் ஒரு பிசகு இல்லை, ஒருத்தரும் வியர்க்கவில்லை. அயர்ன் பண்ணி அயர்ன் பண்ணி உயிரையே எடுத்துவிட்டார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கண் குகனின் பக்கம் போனது.

"உங்கட சேட் மாதிரி" என்றாள்.

பூமணி அன்ரிக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது.

குகன் எழுந்தான். அறைக்குப் போகப் போகிறான் என்றுதான் நினைத்தேன். கதவுவரை மனதுக்குள் நானே அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். அவன் நேரே பாட்டு ஓடிக்கொண்டிருந்த ஸ்ரீரியோவுக்குப் போனான். கசற்றைப் பின்னுக்குச் சுற்றினான். சத்தத்தைக் கூட்டினான்.

"அவையள் வியர்க்கேல்லை எண்டு ஆர் சொன்னது? நல்லா வியர்த்தவையள். நீங்கள் வாறதுக்கு முதல் துடைச்சுப்போட்டு நிக்கினம். அவ்வளவுதான்."

குகனா பேசுவது? இத்தனை காலம் எங்கள் வீட்டில் இருந்தவன், நான்கு வசனம் சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை. காது சிவந்திருந்தது. டிரம் அடிக்கிறவனைக் கவனிக்கச் சொன்னான். பெரிய அடிகளை விட்டுவிட்டு, அவற்றுக்கு நடுவில், அடித்தும் அடிக்காமலும் விடுகிற சின்ன அடிகளைக் கேட்கச் சொன்னான். அவற்றை எடுத்துவிட்டால் பாட்டு விழுந்துவிடுமாம். பிறகு, பாடுகிறவன் என்ன சொல்கிறான் என்று கவனித்ததுண்டா என்று கேட்டான். வேலை போய், வீடு போய், எல்லாம் தொலைத்துவிட்ட ஒருவன், இன்னும் நான்தான் வெல்லுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிற பாட்டாம் அது.

"உதை அழுது பாடினா ஆரும் நிண்டு கேப்பினம். அவன் சிரிச்சுக்கொண்டு பாடுறான்."

"சிரிச்சுக்கொண்டு பாடினா எங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் வதனி. "ஹவ் ஆம் ஐ சப்போஸ்ட் டு நோ?"

"கேட்டாத் தெரியும்."

மறுபடி பின்னுக்குச் சுற்றினான். அவள் எழுந்து போய் ஸ்ரீரியோவுக்குப் பக்கத்தில், காப்பெற்றில், சப்பாணி கட்டி உட்கார்ந்தாள். சண்டை தொடர்ந்தது. இவன் சொல்ல, அவள் வெட்ட, அவள் சொல்ல, இவன் வெட்ட... ஹோலில் மற்றவர்களும் இருக்கிறோம் என்பது இரண்டு பேருக்கும் மறந்துபோயிற்று.

சாந்தி முதலில் எழுந்தாள். 401 ஹைவேயில் பனி கொட்டப்போகிறது என்றாள். யன்னலுக்கு வெளியே நல்ல வெயில். பூமணி அன்ரி என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, உது சரிவராது. முதல் நாளே உவள் பெடியனோட சண்டை பிடிக்கிறாள்" என்றா. கண் கலங்கியிருந்தது. இதற்குமுன் வந்தவர்களிடம் வதனி வாயே திறக்காமல் இருந்திருக்கிறாள். அதுவே தேவலை என்று அன்ரிக்குப் பட்டிருக்க வேண்டும்.

அன்று இரவு சாந்தி ஒஷாவாவிலிருந்து ஃபோன் எடுத்தாள். பெண் வாய்க்காரி, தம்பிக்குத் தோதில்லை என்றாள். இவர் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி தூக்கிக்கொண்டார்.

குகனுக்கு எப்படிச் சொல்வது? பேஸ்மன்ற் படியில் நின்று மெல்ல ஆரம்பித்தேன். மனதை விட வேண்டாம், வேறு இடம் பார்க்கலாம்... அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்:

"சரிவராட்டிப் பரவாயில்லையக்கா. ஆனா அவ அந்த டிரம்மைக் கேட்டவ. அந்த இடம் வரேக்கை அவவின்ர விரல் ஆடினது. நான் பாத்தனான்."

அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். பெண் கிடைக்காமல் போனவன் மாதிரியே இல்லை.

ஒரு கிழமை போனது. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுகிறேன், ஃபோன் அடிக்கிறது. வதனி. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறக்க முதல் அவள் குகனுடைய நம்பரைக் கேட்டாள்.

ஏன் என்றேன்.

அந்தக் கசற்றை அவள் தானே தேடி வாங்கியிருக்கிறாள். டவுன்ரவுனில் ஒரு பழைய ரெக்கோர்ட் கடையில். வேலைக்குப் போகிற சப்வேயில் ஹெட்ஃபோனில் அதையே போட்டுக் கேட்டிருக்கிறாள்.

"அக்கா, அந்தப் பாட்டில கடைசிப் பக்கம் கிற்றார்காரன் ஒரு இடத்தில சறுக்கிறான். கொஞ்சம் பிந்துறான், லிற்றில் பிற் லேற். அதை அழிக்காமல் அப்பிடியே விட்டிருக்கினம். நான் அதை அவருக்குச் சொல்லோணும்."

கொடுத்தேன். வேறென்ன செய்வது?

அன்று இரவுச் சாப்பாட்டு நேரம் குசினித் தரைக்குக் கீழே 'தும் தும்' இல்லை. ஃபோனில் பேசுகிற குகனின் குரல். அது சறுக்கலே இல்லை, வேண்டுமென்றே பிந்தி வருகிறான் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு ஒரு சத்தம் கேட்டது. என்னவென்று பிடிபட எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. குகன் சிரிக்கிறான்.

அடுத்த சனிக்கிழமை என்னை நடுவராக்கினார்கள். பேஸ்மன்றில் கதிரை போட்டு, உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டார்கள். சறுக்கலா, வேண்டுமென்றா? நீங்கள் சொல்லுங்கோ அக்கா.

நான் சங்கீதம் படித்தவள் இல்லை. ஆனாலும் சொல்கிறேன் — அப்படி ஒரு அனுபவம் எனக்கு முன்பு நேர்ந்ததில்லை. தரையைத் தாண்டி வரும்போது 'தும் தும்' என்று மட்டும் கேட்டதற்குள் இவ்வளவு பேர் இருந்தார்களா? இடப் பக்கத்தில் ஒருவன் கிற்றாரைச் சுண்டுகிறான். வலப் பக்கத்தில் பியானோ அவனுக்கு ஏதோ பதில் சொல்கிறது. கெற்றிலில் தண்ணீர் கொதிக்கத் தொடங்குமுன் ஒரு முறுமுறுப்பு வருமே... அப்படி அந்தச் சின்ன அடிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அதற்கு மேலே ஒருவன் சாவகாசமாகப் பாடுகிறான், தன் வீடு எரிவதைப் பக்கத்து வீட்டுச் செய்தி மாதிரி.

மயிர் கூச்செறிந்தது. திரும்பப் போடச் சொன்னேன். மறுபடியும் போடச் சொன்னேன். நடுவர் தீர்ப்பை மறந்துவிட்டாள் என்று இருவரும் சிரித்தார்கள்.

அப்படியென்றால் இந்தப் பாட்டுகளுக்கு ஏன் லிஃப்ற் பாட்டு என்ற பெயர்? மேலே குசினிக்கு வந்து யோசித்தேன். கத்துகிற பாட்டைக் கடைக்காரர் போட முடியாது, வாடிக்கையாளர் ஓடிவிடுவார். அழுகிற பாட்டை டென்ரிஸ்ற் போட முடியாது, பல்வலிக்காரன் சேர்ந்து அழுவான். இது யாரையும் துரத்தாது. கேட்காமலும் இருக்கலாம், கோபித்துக்கொள்ளாது. அந்த நல்ல குணத்துக்குத்தான் இவ்வளவு காலமும் தண்டனை.

வதனியின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தக் காலத்துச் சரக்கு எல்லாம் இப்படி இல்லை. குகனிடம் இருந்த இன்னொரு கசற்றைப் போட்டார்கள். ஒரு சக்ஸஃபோன் சீனிப் பாணிக்குள் விழுந்த எறும்பு மாதிரி நெளிந்துகொண்டே இருந்தது, ஒரு இடத்துக்கும் போகவில்லை. வதனி புருவத்தை உயர்த்தினாள். குகன் அதைக் கழற்றி அவளிடமே கொடுத்தான்.

"இது டென்ரிஸ்ற்றுக்கு" என்றான்.

கொள்கைக்காரன்தான். ஆனால் நேர்மையான கொள்கைக்காரன்.

போன வெள்ளிக்கிழமை வதனி எங்கள் வீட்டுக்குத் தனியாக வந்தாள். பேஸ்மன்றுக்குப் போகவில்லை. குசினிக் கவுன்ரரில் சாய்ந்து நின்று, மேசை விரிப்பின் நுனியைச் சுருட்டினாள், விரித்தாள். பாங்கில் எத்தனையோ பேரை அதட்டி அனுப்புகிறவள்.

"அக்கா, அம்மாட்ட நீங்கள் சொல்லுறீங்களே? ஓம் எண்டு. எனக்குச் சொல்ல வெக்கமாக் கிடக்கு."

நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பிறகு கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா? அந்தப் பெடியனிடம் உனக்கு என்ன பிடித்தது?

கொஞ்சம் யோசித்தாள். "நான் அவரைச் சரியாக் கேக்க முதல் முடிவெடுத்திட்டன். ஆனா அவர் என்னில கோவிக்கேல்லை. திருப்பிப் போட்டுக் காட்டினவர்."

உடனே பூமணி அன்ரிக்கு ஃபோன் எடுத்தேன். அன்ரி முதலில் நம்பவேயில்லை. சண்டை பிடித்தார்களே என்றா. ஓம் அன்ரி, இன்னும் பிடிக்கிறார்கள் என்றேன். மற்றப் பக்கத்தில் அன்ரி ஃபோனைப் பிடித்துக்கொண்டு அழுகிற சத்தம் கேட்டது. இந்தமுறை அது வேறு அழுகை. சாந்திக்குக் குகனே சொல்லிவிட்டான். வாய்க்காரியைத்தான் தனக்கு வேண்டும் என்று சொன்னானாம். சாந்தி அதை என்னிடம் முறைப்பாடாகச் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கலியாணம் கோடையில். கிற்றார்காரன் சறுக்கினானா இல்லையா என்பது இன்னும் முடிவாகவில்லை.

குகனிடம் ஒரு கசற் கொப்பி வாங்கிக்கொண்டேன். இந்தப் பத்தியை எழுதும்போது மெல்லிசாகப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன், பின்னணியில் ஓடட்டும் என்று. அடுப்பில் வைத்த சோறு கரிந்துவிட்டது.