ஏலகிரிக்கு சேஃப்டி ஷூ

முட்டாள்களில் பல ரகம் உண்டு. மூக்கில் இரும்பு வைத்த சேஃப்டி ஷூவை மாட்டிக்கொண்டு மலையேறப் போன ரகம் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்; நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதற்கு இது மேல்.

போன வாரம் வீடு மாற்றும்போது பரணிலிருந்து ஓர் அரிசிப் பை என் தலையில் விழுந்தது. உள்ளே அந்த ஷூ. அடியில் மலைமண் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மோந்து பார்த்தேன். (பழைய ஷூவை யாராவது மோந்து பார்ப்பார்களா? சொன்னேனே, ரகம்.) ரப்பரும் வேர்வையும் கலந்த அந்த வாடை என்னை நேராக இருங்காட்டுக்கோட்டை அறைக்கு இழுத்துப் போனது. பத்துக்குப் பத்து அறை, ஆறு பேர், வாசலில் பன்னிரண்டு ஷூ. எது யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவான் சுடலை.

சுடலைக்குத் தென்காசிப் பக்கம். எனக்குத் தண்டலம். கூப்பிடு தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு, அம்மா வாய்க்குப் பயந்து அறையில் கிடந்தவன் நான். காருக்குக் கதவுப் பிடி செய்யும் கம்பெனியில் இருவரும் ட்ரெய்னி. அவனுக்கு இன்னும் பதினோரு நாள் ஒழுங்காகப் போனால் பர்மனென்ட் லிஸ்டில் பேர் வரும். நடுவில் ஒரு நாள் நின்றாலும் பேர் போகும்.

அந்த நேரத்தில்தான் எனக்கு மலை ஆசை வந்தது. எங்கள் ஊரில் உயரம் என்றால் ஏரிக்கரை, அதைவிட்டால் மேம்பாலம். ஒரு ஞாயிறு விடியலில் சுடலையை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவனுக்கு அன்று ஒரு நாள்தான் லீவு. என் லைனில் மெஷின் கழற்றிப் போட்டிருந்ததால் எனக்குத் திங்களும் லீவு.

ஏலகிரியில் சாமிமலைப் பாதை சுலபம் என்றார்கள். சுலபம்தான். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் என்னைத் தாண்டிப் போனார். நான் மரத்தைக் கட்டிப்பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

“இது மலையாலே? எங்கூர்ல இத மேடும்பாவ” என்றான் சுடலை.

எங்கள் கம்பெனியில் நடப்பதற்கும் பயிற்சி உண்டு. மஞ்சள் கோட்டுக்குள் நடக்க வேண்டும். திருப்பம் வந்தால் நின்று, விரலை நீட்டி வலது, இடது, நேர் பார்த்து, ‘ஓகே’ சொன்ன பிறகே காலெடுத்து வைக்க வேண்டும். பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் சுடலை சட்டென்று நின்றான். விரலை நீட்டினான். வலது, இடது, நேர், ஓகே. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கேட்டார்: “யாருக்குப்பா வழி காட்டுற, ஆட்டுக்கா?” எல்லாப் பக்கமும் பார்த்தவன், பின்னால் நின்ற என்னை மட்டும் பார்க்கவில்லை.

இறங்கும்போதுதான் ஷூ தன் புத்தியைக் காட்டியது. இறக்கத்தில் ஒவ்வோர் அடிக்கும் விரல்கள் போய் இரும்பில் முட்டின. கீழே வந்து கழற்றினால், இரண்டு பெருவிரல் நகமும் கறுத்திருந்தன. வலி நிஜம். பாதிதான் நிஜம். நிலாவூரிலிருந்து அருவிக்கு ஒரு காட்டுப்பாதை இறங்குகிறது என்று டீக்கடையில் கேட்டதிலிருந்து எனக்குத் திரும்ப மனமில்லை. மீதிப் பாதி அதற்காக.

“திங்கக்கெழம டூட்டி கெடக்குலே. நான் எறங்குதேன்” என்றான்.

“உசுரு போவுது மச்சி. ஒண்டியா வுட்டுட்டுப் போறியா? ஒரு நாள்தானே. கம்பெனி எங்க ஓடிடப் போவுது?”

அவன் பஸ்ஸைப் பார்த்தான். என் நகத்தைப் பார்த்தான். உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் காலை, செருப்பு ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு, அருவிப் பாதையில் அவனுக்கு முன்னால் நான் குதித்துக்கொண்டு போனேன். பின்னாலிருந்து குரல் வந்தது: “நல்லாத்தான நடக்கே.” அருவியில் தண்ணீர் நூலாக வழிந்தது.

செவ்வாய்க்கிழமை கம்பெனி கேட்டில் அவன் கார்டுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. சூப்பர்வைசர், “நேத்து இன்னா ஆச்சு?” என்றார்.

“கூட வந்தவனுக்குக் காலு முடியல சார்.”

“யாரு அது?”

சுடலை சொல்லவில்லை. அவனுக்கு இரண்டு பேர் பின்னால், இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தேன். நான்தான் சார் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் பேரும் அடுத்த லிஸ்டுக்குக் காத்திருந்தது. மஞ்சள் கோட்டைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனேன். சாயங்காலம் அறைக்கு வந்தபோது வாசலில் பத்து ஷூ.

நான் பர்மனென்ட் ஆனேன். பெயர்தான் பர்மனென்ட்; ஓடாது என்று நான் சொன்ன கம்பெனி, மூன்றாம் வருஷம் எங்களையெல்லாம் விட்டுவிட்டு ஓடியது. அறை இருந்த கட்டிடத்தை இடித்துவிட்டார்கள். கம்பெனி ஷெட் இப்போது குடோன். அங்கேதான் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். மஞ்சள் கோடு தேய்ந்துவிட்டது. திருப்பத்தில் மட்டும் என் விரல் தானாக நீளும். பையன்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன், வேறென்ன செய்ய?

சுடலை கோயம்புத்தூரில் ஏதோ மில்லில் இருப்பதாகக் கேள்வி. நம்பர் மட்டும் மாறவில்லை. ஷூவைப் படம் பிடித்து அனுப்பினேன். “ஞாயித்துக்கெழம ஏலகிரி போலாமா மச்சி? இந்த வாட்டி செருப்பு போட்டுக்கினு வரேன்.” சிரிக்கிற பொம்மை இரண்டு சேர்த்தேன். மன்னிப்பு கேட்கத் தெரியாதவனுக்குப் பொம்மைதானே துணை.

நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது.

“திங்கக்கெழம டூட்டி கெடக்கு.”