அல்லிநகரத்தில் கேட்ட யோசனை

மகள் இறந்த அடுத்த வருடமே மருமகன் குமுளிப் பக்கம் வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டான். பேத்திக்கு அப்போது இரண்டு வயது. நானும் என் வீட்டுக்காரியும்தான் வளர்த்தோம். ஆறு வருடம் எட்டிப் பார்க்காதவன் திடீரென்று எங்கள் ஊர்க்காரர் ஒருவரிடம், "பிள்ள நல்லா படிக்குதா?" என்று விசாரித்திருக்கிறான். சும்மா கேட்டானாம்! பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகத்தான் அடிபோடுகிறான் என்று எனக்குப் பட்டது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

எங்கள் ஊர் தேவாரத்தில் யாரிடமாவது யோசனை கேட்டால் பொழுது சாய்வதற்குள் குமுளிக்குச் சேதி போய்விடும். அதனால் பஸ் ஏறி அல்லிநகரம் போய் ஒரு பிரவுசிங் சென்டரில் நுழைந்தேன். அங்கிருந்த பெண் அடையாள அட்டை கேட்டாள்.

"அது எதுக்கு?"

"நோட்டுல எழுதணும்யா. போலீஸ்காரக வந்து பாப்பாக."

எழுதி யாரிடம் காட்டுவாளோ! வாசல் வரை போய்விட்டு, வேறு வழியில்லாமல் திரும்பி வந்து அட்டையைக் கொடுத்தேன்.

பேரன் பேத்தியை வளர்க்கும் பெரியவர்களுக்கு உதவி என்று தேடிப் பார்த்தாள். வந்ததெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம். கடைசியில் தமிழில் ஒரு பக்கம் அகப்பட்டது. கேள்வி அனுப்பினால் இலவசமாகப் பதில் தருவார்களாம். வெளுத்ததெல்லாம் பாலென்று நம்புகிற ஆள் நானில்லை. ஊரைக் கம்பம் என்று மாற்றிச் சொன்னேன். பேத்தியைப் பேரனாக்கினேன். அந்தப் பெண் டைப் அடித்துக்கொண்டே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அடுத்த வாரம் போனபோது பதில் வந்திருந்தது. யாரோ ஓர் அம்மாள் எழுதியிருந்தார். பிள்ளை உங்களிடம்தான் வளர்ந்தது என்பதற்கு ரேஷன் கார்டு, தடுப்பூசி அட்டை, பள்ளியில் சேர்த்த விண்ணப்பத்தின் நகல் எல்லாம் எடுத்து வையுங்கள். அவற்றில் பொய் ஏதும் இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள், நாளைக்கு அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும் என்றிருந்தது.

"இந்தம்மாட்ட யாரு போட்டுக் குடுத்தது?" என்று அந்தப் பெண்ணிடம் பாய்ந்தேன்.

"யாரும் சொல்லலய்யா. எல்லாருக்கும் இப்பிடித்தான் எழுதுவாக போல."

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? பேத்தியை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று, விண்ணப்பத்தில் தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் 'காலமானார்' என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். அவ்வளவு ஆத்திரம் அவன்மேல். பிள்ளையிடமும் அப்படியே சொல்லி வைத்திருந்தோம். ஊராரும் எங்களுக்காக வாய் திறக்கவில்லை.

"ஸ்கூல்ல திருத்துறதுக்கு முன்னாடி பிள்ளைட்ட நீங்களே சொல்லிருங்க" என்றாள் வீட்டுக்காரி.

மறுநாள் பள்ளிக்கூடம் போகும் வழியில் பேத்தியை நிறுத்தினேன். "ஆத்தா, ஒங்கப்பா சாகல. தாத்தாதான் பொய் சொல்லிட்டேன்."

அழுவாள், திட்டுவாள், அப்பாவிடம் போகிறேன் என்பாள் என்று பயந்துகொண்டே நின்றேன். அவள் முகமெல்லாம் சிரிப்பாக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அம்மாவும் சாகல, இல்ல தாத்தா?"